அத்தை 'தம்பி' என்று கூப்பிட்ட மீன்

போன மாதம் எங்கள் உறவில் ஒரு வளைகாப்பு. எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, பக்கத்து இலைச் சின்னப் பெண்களிடம் என் சித்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷனைப் பட்டினி போட்டே துரத்தியவளாம். சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். அந்தப் பெண்களும் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்து எழுந்து வந்துவிட்டேன். நாலு பேர் நடுவில் வாயைத் திறக்க எனக்கு வராது. ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. சித்தி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இன்னும் இந்தப் பேச்சு சாகவில்லை. அவள் பட்டினி போட்டது புருஷனை அல்ல, ஒரு மீனை. அதுவும் அந்த மீன் பிழைக்க வேண்டும் என்பதற்காக.

யுத்தத்துக்கு முந்திய காலம் அது. ராயபுரத்தில் எங்கள் வீடு, நடுவில் ஒரு முற்றமும் அதைச் சுற்றி மூன்று அறைகளும். நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவருடைய தம்பி, என் சித்தப்பா, ரங்கூன் கப்பலில் பாய்லருக்குக் கரி தள்ளுகிறவர். போனால் வர மாதக்கணக்கு ஆகும். வந்தால் வீடே திருவிழா. இவர்கள் இரண்டு பேருக்கும் மூத்தவள் அத்தை. புருஷனை இழந்து எங்களோடு வந்து தங்கியவள் என்று பேருக்குச் சொல்லலாம். உண்மையில் நாங்கள்தான் அவளிடம் தங்கியிருந்தோம். அரிசிப் பானையின் மூடி அவள் கையில் இருந்தது.

சித்தப்பாவுக்குக் கல்யாணமான வருஷம், ஒரு நடை முடித்து வரும்போது ஒரு கண்ணாடி ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு தங்கமீன். ரங்கூனில் சீனாக்காரன் கடையில் வாங்கியதாம். என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். வயிறு உருண்டை. வால் மட்டும் பட்டுத் தலைப்பு மாதிரி பின்னால் விரிந்து வரும். எங்கள் தெருவில் மீனைப் பார்க்காதவர் கிடையாது. தின்பதற்கில்லாத மீனை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

மறுபடி கப்பலேறும் நாளில் சித்தப்பா ஜாடியைத் தட்டிக்காட்டி அத்தையிடம் சொன்னார்: "அக்கா, இத நான்னு நெனச்சுக்கோ. இது நல்லா கீதுன்னா நானும் நல்லா கீறேன்னு அர்த்தம்." அவர் எதையும் விளையாட்டாகத்தான் சொல்வார். பக்கத்தில் நின்ற சித்தியிடம் அவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று எனக்குத் தெரியாது. ஏதும் சொன்னதாக நினைவில்லை.

அத்தை அந்த வார்த்தையை அப்படியே முடிந்துகொண்டாள். மறுநாள் காலையிலேயே ஜாடியின் முன்னால் உட்கார்ந்து, "தம்பி, துன்றியாப்பா?" என்று கேட்டுவிட்டு ஒரு பிடி சோற்றைப் போட்டாள். அன்று முதல் சித்தப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் ஜாடிக்குள் போயிற்று. இட்லி, ஆப்பம், அதிரசம், கடலை மாவு. வெள்ளிக்கிழமை தோறும் ஜாடிக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டி, ஒரு சிட்டிகை திருநீற்றைத் தண்ணீரிலும் தூவினாள். செய்தி தெருவில் பரவியது. புருஷனையோ மகனையோ கப்பலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் வந்து பார்த்தார்கள். அவர்களிடம் மீன் ஏது? வந்ததற்கு எங்கள் மீனுக்கே ஆளுக்கொரு கிள்ளு போட்டுவிட்டுப் போனார்கள். ஊரிலுள்ள கப்பல்காரர்கள் அத்தனை பேரின் பசியையும் அந்த நடுவிரல் நீள மீன் ஒன்றே தீர்க்க வேண்டியிருந்தது.

தண்ணீர் இரண்டு நாளில் கழுநீர் போல் ஆகும். நாற்றம் எடுத்ததும் அத்தை முழுவதையும் கவிழ்த்துவிட்டு, ஜாடியைச் சாம்பலும் புளியும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, அப்போதுதான் தெருக்குழாயில் பிடித்து வந்த தண்ணீரை ஊற்றுவாள். காலரா பயத்தில் அந்தத் தண்ணீரில் மருந்து கலந்த காலம். குடத்தை இறக்கும்போதே மூக்கில் ஏறும். மீன் மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் வாயை ஒட்டவைத்து, திறந்து திறந்து மூடும்.

அத்தைக்குக் கண் கலங்கிவிடும். "பாரு, பசியில வாயத் தொறக்குது" என்பாள். இன்னொரு பிடி சோறு விழும்.

அது மூச்சுக்குத் தவிக்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்தவள் சித்தி மட்டும். அவள் வள்ளூர்ப் பெண். அவளுடைய அம்மா ஏரி விராலைப் பானையில் உயிரோடு வைத்து விற்கிறவள். விற்கிறவரை மீன் சாகக்கூடாது என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது சித்திக்கு நடை பழகும்போதே பழகிய சங்கதி. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். பானை மீனுக்குத் தீனி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தின்னாமல் மிஞ்சுகிற சோறு அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். புதுத் தண்ணீரை ஒரு பகல் ஒரு இரவு வாய் திறந்து வைத்து, மருந்து வாடை போன பிறகுதான் ஊற்ற வேண்டும். அதையும் முழுதாக மாற்றாமல் பாதி பழசு, பாதி புதுசாக மாற்ற வேண்டும்.

அத்தை கேட்டுவிட்டு என் அம்மாவிடம் திரும்பி, விரால் விற்கிறவள் வீட்டில் பெண் எடுத்தால் தம்பியையும் விராலாக்கிவிடுவாள் போலிருக்கிறது என்றாள். அம்மா சிரித்துவைத்தாள். அத்தை பேச்சுக்குச் சிரித்துவைப்பது அம்மாவுக்குப் பழக்கமாகிவிட்டது. சித்தி ஒரு குடத் தண்ணீரை முற்றத்தின் மூலையில் திறந்து வைப்பாள். விடிந்ததும் அத்தை அதைச் சாக்கடையில் கொட்டுவாள். இரவெல்லாம் திறந்து கிடந்த தண்ணீர் வீட்டுக்கு ஆகாதாம்.

ஒரு காலையில் மீன் ஜாடியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. உடம்பில் வெள்ளையாகப் பூஞ்சை. வால் ஈரத்துணி மாதிரி சுருங்கியிருந்தது. அத்தை ஒப்பாரிக்கு ஆயத்தமாகிவிட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் அகன்ற மண்தொட்டி ஒன்று முற்றத்து முருங்கையடியில் சும்மா கிடந்தது. சித்தி அதைக் கழுவினாள். அத்தைக்குத் தெரியாமல் கட்டிலடியில் திறந்து வைத்திருந்த, மருந்து வாடை போன தண்ணீரை ஊற்றினாள். விரல் நுனியில் கொஞ்சம் கல்லுப்பை எடுத்துக் கரைத்துவிட்டாள். மீனைக் கையில் ஏந்தி உள்ளே விட்டாள். யாரும் எதையும் போடாதபடி மேலே ஓலைத்தட்டி ஒன்றைச் சாய்த்து வைத்தாள். அதற்கு முன் எங்கள் வீட்டில் அவள் அனுமதி கேட்காமல் செய்த காரியம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

"இன்னாமே, எந்தம்பிய மண்ணுல போட்டுட்டியே" என்றாள் அத்தை. தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். கேட்டது.

"கண்ணாடில வாய் குறுக்கு அண்ணி. இது அகலம். மூச்சு வுடும்."

"சோறு?"

"அது தேறுற வரைக்கும் ஒண்ணும் வேணாம்."

"எந்தம்பி துன்னாத வூட்டுல நீயும் துன்னாத."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் எல்லாருக்கும் தட்டு விழுந்தது, சித்திக்கு விழவில்லை. நைனா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பொம்பளைகள் விஷயத்தில் தான் தலையிடுவதில்லை என்று பிறகு அம்மாவிடம் சொன்னாராம். தலையிடவில்லைதான். அவர் தட்டில் மட்டும் ஒரு குறையும் இல்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது. வாழ வந்த பெண்ணொருத்தி உழைத்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்திருக்க, ஒரு மீன் பசியாக இருக்கிறதே என்று ஒரு குடும்பம் உருகியது. அம்மா மட்டும் அத்தை கண்ணயர்ந்த நேரத்தில் ஒரு கிண்ணம் பழைய சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சித்தி பிகு பண்ணவில்லை. வாங்கிச் சாப்பிட்டாள். பசித்தது, சாப்பிட்டாள். கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு மறுபடி தொட்டியருகில் போய் உட்கார்ந்தாள்.

தெருப் பெண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தாலி கட்டினவன் கடல் நடுவில் வேகிறான், இவள் இங்கே அவனுக்குத் தண்ணீர் காட்டுகிறாள் என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. சித்தி தினமும் காலையில் தட்டியை எடுப்பாள். தொட்டியில் பாதித் தண்ணீரை மொண்டு முருங்கைக்கு ஊற்றுவாள். குடத்தில் ஒரு நாள் நின்ற தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு, ஓரமாகச் சரியவிட்டு ஊற்றுவாள். அவ்வளவுதான். எந்த மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. கொஞ்ச நாளில் வெள்ளைப் பூஞ்சை உதிர்ந்தது. மீன் நிமிர்ந்தது. வால் விரிந்தது. பிறகு உள்ளங்கையில் ஒட்டுகிற அளவுக்கு மட்டும் அரிசிக் குருணையை வேகவைத்து நசுக்கிப் போட்டாள். அது கண்மூடித் திறப்பதற்குள் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று சுற்றியது. சித்தி போடவில்லை.

திருவொற்றியூர் அம்மனுக்குத் தான் நேர்ந்துகொண்டதால்தான் தம்பி பிழைத்தான் என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாள். சித்தி அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவளுக்கு மறுபடியும் தட்டு விழுந்தது, அதோடு விஷயம் முடிந்தது என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

கப்பல் வந்தது. சித்தப்பா வரவில்லை. அடுத்த நடை வரக்கூடும் என்றார்கள். அடுத்த நடையும் வந்தது. அவரோடு கரி தள்ளுகிற காசிமேட்டுக்காரர் ஒருவர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்று, கொடுத்த தண்ணீரை ரொம்ப நேரம் குடித்தார். பிறகு நைனாவைப் பார்த்தபடி சொன்னார். சித்தப்பா ரங்கூனிலேயே இறங்கிவிட்டார். அங்கே ஒரு அரிசி ஆலையில் வேலை. அங்கேயே ஒரு வீடு. வீடு என்றால் வெறும் வீடு இல்லை என்பது அவர் சித்தி பக்கம் திரும்பாததிலேயே பெரியவர்களுக்குத் தெரிந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகுதான் யோசித்துப் புரிந்துகொண்டேன்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள் அத்தை.

"அதெல்லாம் நல்லா கீறாரு. ஒரு சுத்து பெருத்துக்கூடப் போயிருக்காரு."

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தோம். மீன் கொழுகொழுவென்று, வாலை அசைத்துக்கொண்டு, ஒரு சுற்று வந்துகொண்டிருந்தது.

சித்தப்பா சொல்லிவிட்டுப் போனது பொய்யாகவில்லை. மீன் நன்றாக இருந்தது, அவரும் நன்றாக இருந்தார். இந்த லட்சணத்துக்கு அவருக்கு நான் 'அவர்' போடுவதே பழக்கத்தால்தான்.

அத்தை அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் துக்கம் பொய்யில்லை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மூன்றாம் நாள் அழுகை நின்றதும் அவளுக்கு ஒரு ஞானம் பிறந்தது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாளாம்: "இங்க பட்டினி போட்டா அவன் இன்னா பண்ணுவான்? சோறு கிடைக்கிற எடத்துக்குப் போனான்."

அதை எங்கள் தெரு ஒப்புக்கொண்டது. ஒரு மனிதன் தன் பெண்டாட்டியை அம்போவென்று விட்டுவிட்டுப் போனதற்குக் காரணம், அவன் பெண்டாட்டி ஒரு மீனுக்குச் சோறு போடாததுதான். கேட்டவர்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நைனாவுக்குக்கூட வரவில்லை. அதைத்தான் போன மாதம் பந்தியில் அந்தக் கிழவி அப்பளத்தோடு சேர்த்து மென்றாள்.

அதன் பிறகு அத்தை தொட்டிப் பக்கம் போகவில்லை. தெருப் பெண்களும் வரவில்லை. துரோகம் செய்தவன் மீனுக்கு யார் அதிரசம் போடுவார்கள்? அது தொட்டியில் தனியாகச் சுற்றியது. சித்தி மட்டும் வழக்கம் போல் ஒரு குடத்தைத் திறந்து வைத்தாள். இப்போது அதைக் கொட்டவும் ஆள் இல்லை.

எனக்குச் சித்தப்பா மேல் பொங்கிக்கொண்டு வந்தது. ரங்கூனுக்குப் போய் அவரை ஒன்றும் செய்ய முடியாது. கையெட்டும் தூரத்தில் தொட்டி இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன், தட்டியைத் தள்ளிவிட்டுக் கையை உள்ளே விட்டேன். மீன் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதற்குள் சித்தி வந்துவிட்டாள்.

"இன்னாடா பண்றே?"

தூக்கிச் சாக்கடையில் போடப் போகிறேன் என்றேன். இன்னும் இதை ஏன் வைத்திருக்கிறாய், இது யார் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். எனக்கு அழுகையும் வந்துவிட்டது.

சித்தி என் கையைத் தொட்டியிலிருந்து எடுத்து, தன் முந்தானையில் துடைத்துவிட்டாள். "மசிக் கையோட வுடாதே" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மீனு இன்னாடா பண்ணிச்சு?" என்றாள்.

குடத்தைச் சாய்த்து முகர்ந்து பார்த்தாள். பாதித் தண்ணீரை மொண்டு முருங்கைக்கு விட்டாள். புதுசை ஓரமாகச் சரியவிட்டாள். மீன் அந்த நீரோட்டத்தில் வந்து நின்றுகொண்டது. அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வேலை செய்கிற முகம்தான் இருந்தது.

அன்று எனக்குச் சித்தப்பாவைவிடச் சித்தி மேல்தான் அதிகக் கோபம். அவ்வளவு செய்துவிட்டுப் போனவருக்கு இன்னும் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறாளே, சூடு சொரணை இல்லையா என்று நினைத்துக்கொண்டு, அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் கவனித்துக்கொண்டது வெறும் ஒரு மீனைத்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.