அமாவாசைப் பெருக்கு

பராசக்தி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். கல் நிறைந்த பனையோலைக் கடகம் மேலே வந்ததும் அதை இடுப்பால் தாங்கிக் கவிழ்த்துவிட்டு, வெறும் கடகத்தை மறுபடி இறக்கினாள். கிணற்றின் அடியில் அவள் புருஷன் ஏரம்பு உளியும் சுத்தியலுமாகக் குந்தியிருந்தான். கலியாணம் முடித்த வருஷம் தொடங்கி இதுதான் பிழைப்பு: அவன் வெட்டுவான், அவள் இழுப்பாள். ஊரில் பிள்ளைப்பேறு என்றால் மருத்துவிச்சிக்குத் துணையாகவும் அவளைக் கூப்பிடுவார்கள். இரத்தத்தைக் கண்டு பதறாதவள் என்று பெயர்.

அது 1938, ஆடி அமாவாசை. தகப்பனை இழந்த ஆண்களெல்லாம் விரதமிருந்து கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போய்விட்டார்கள். கிணற்றுக்காரர் தில்லைநாதனும் போயிருந்தார். ஏரம்புவின் தகப்பன் உயிரோடு இருந்ததால் அவனுக்கு விரதமில்லை. "சும்மா கிடந்து என்ன செய்யிறது?" என்று கிணற்றில் இறங்கிவிட்டான்.

அங்கேதான் பிழை விட்டார்கள். அந்தப் பக்கத்துக் கிணறுகள் கடலோடு ஏறி இறங்குபவை. நிலத்தடிச் சுண்ணாம்புக் கல் முழுக்கப் பொந்து. அமாவாசைக்குக் கடல் மற்ற நாட்களைவிட அதிகமாகப் பெருகும். இருவருக்கும் அது தெரியும். ஆனால் விரதம் தங்களுக்கில்லை என்றவர்கள் அமாவாசையே தங்களுக்கில்லை என்பதுபோல் இருந்துவிட்டார்கள்.

மேலே வெள்ளைச் சுண்ணாம்புக் கல். அதை வெட்டி முடித்ததும் வேறொரு கல் வந்தது: கூழாங்கல்லும் சிப்பியும் மணலும் சேர்ந்து இறுகியது, எந்தக் காலத்திலோ கடற்கரையாகக் கிடந்ததுபோல. ஏரம்பு அதில் உளியை இறக்கினான். அடியில் பொந்து. பாளமொன்று சரிந்தது, வலது கால் உள்ளே போக, பாளம் முழங்காலுக்குக் கீழே குறுக்காக விழுந்து இறுக்கியது. எழும்ப முடியவில்லை. இருந்தபடியே இடுப்பளவு தண்ணீரில் கிடந்தான்; பாளத்தின் மேற்புறம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு தில்லைநாதனின் மனைவி பாலேஸ்வரி ஓடிவந்து, நீரிறைக்கும் ஏற்றமான துலாவைக் காட்டினாள். "துலாவிலை கட்டி இழுப்பமே, அக்கா?"

"இழுத்தால் ஆள் மேலை வரும், கால் கீழை நிக்கும். துலாக்கயித்தை இறக்கிவிடு பிள்ளை, நான் போறன்."

கல் நெம்பும் அலவாங்குக் கம்பியோடு இறங்கினாள்.

"சுத்தியலாலை ஓங்கி அடியடி, பிளக்கும்" என்றான் ஏரம்பு.

அடித்தாள். வெள்ளைக் கல்லென்றால் பிளந்திருக்கும். இது அடியை விழுங்கிக் காலுக்குக் கொடுத்தது. ஏரம்பு அலறினான்.

"என்ரை காலுக்கெல்லோ அடிக்கிறாய்!"

"வாயை மூடுங்கோ, தண்ணி உள்ளை போகப்போகுது."

அடித்த இடத்தில் ஒரு கூழாங்கல் மட்டும் கழன்று, பல் விழுந்த ஈறுபோல் குழி தெரிந்தது. சுற்றியிருந்த மணல் உதிர்ந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு உளியை எடுத்தாள். ஒவ்வொரு கல்லாக நெம்பிக் கழற்றினாள். தண்ணீர் பாளத்தை மூடியபின் கண் உதவவில்லை. விரலால் தடவித் தடவித் தோண்டினாள். நகம் பிய்ந்தது.

"கழுத்துக்கு வந்திட்டுதடி."

"தெரியும். மேலை பாருங்கோ."

"பாலேஸ்வரி அழுகிறதுதான் தெரியுது."

"அப்ப அதைப் பாருங்கோ."

துலாக்கயிற்றை அவன் கக்கத்துக்குக் கீழே சுற்றி முடிந்தாள். மூக்கைத் தண்ணீர் தொட்டால் இழுக்கச் சொல்வது; கால் போனாலும் ஆள் மிஞ்சுவான். ஆனால் கால் இல்லாதவன் கிணற்றில் இறங்க முடியாது. அதற்குமுன் இன்னும் ஒரு கல். அவன் அண்ணாந்து உதட்டை இறுக்கினான். அவள் மூழ்கி இன்னும் ஒன்றைக் கழற்றினாள். பாளத்தின் ஓரம் பொடிந்து அலவாங்கு நுழைய இடம் கிடைத்தது. தோளைக் கொடுத்து நெம்பினாள். கால் வந்தது.

"இழு!"

துலா மிதிப்பது ஆண்களின் வேலை. அன்று பாலேஸ்வரியும் பக்கத்து வளவுப் பெண்ணொருத்தியும் சேலையை வரிந்துகட்டிக்கொண்டு துலாவில் ஏறி நடந்தார்கள்.

எலும்பு முறிந்திருந்தது, தோலைக் கிழித்து வெளியே வரவில்லை. பனைமட்டை இரண்டை வைத்துக் கட்டினாள். பாதம் குளிர்ந்து வெளிறிக் கிடந்தது. கிள்ளினாள், அவனுக்குத் தெரியவில்லை. கட்டைச் சற்றுத் தளர்த்தினாள். முறிவு பார்க்கும் பரியாரியாரும் கீரிமலையில். அன்றைக்கு ஒருவரும் இல்லை.

அடுத்த நாள் விடியற்காலை போர்வையை விலக்கிப் பெருவிரல் நகத்தை அழுத்தினாள். வெளுத்தது; விட்டதும் மெல்லச் சிவந்தது.

"ஆட்டுங்கோ."

"நோகுது."

"நோகட்டும், ஆட்டுங்கோ."

விரல் அசைந்தது.

தில்லைநாதனின் வண்டியில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பச் சொன்னாள். ஏரம்புவை ஏற்றி, அந்தக் காலைத் தன் மடியில் வைத்து இரு கையாலும் பிடித்துக்கொண்டு, பரியாரியார் வீட்டுக்கு மாட்டை மெதுவாக விடச் சொன்னாள்.