பெல்ட்டை நம்பிய ஏசுபாதம்

என் மருமகன் ஏசுபாதத்துக்கும் எனக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. மாமியாரும் மருமகனும் மூன்றாவது ஆளை வைத்துத்தான் பேச வேண்டும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. என் மகள் ஈவ்லின் இருந்தால் அவளிடம் சொல்வோம். இல்லாவிட்டால் நான் மேலே சுற்றும் ஃபேனிடம் சொல்வேன், அவர் பீரோவிடம் சொல்வார். திட்டுவதற்கு இதைவிட வசதி வேறில்லை.

அவர் பம்மல்காரர். அப்பாவுக்குத் தோல் ஷெட்டில் வேலை. இவர் திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டினார். அங்கே ஒரு மெஷினில் பெல்ட் இல்லாமல் மோட்டாரை நேராகவே பூட்டியிருந்தார்கள். துணி சிக்கியது, நிறுத்துவதற்குள் வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. பக்கத்து மெஷினில் இன்னொருவன் கை மாட்டியபோது பெல்ட் வழுக்கிக் கொடுத்தது, கை தப்பியது. அன்றிலிருந்து பெல்ட் என்றால் இவருக்கு வேதவாக்கு.

பட்டறையை மூடினார்கள். பம்மலில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணன் சத்தியநாதனிடம் போய் நின்றார். அவன் சாப்பாடு போட்டான், மரியாதை போடவில்லை. பந்தி நடக்கும்போது நாலு பேர் காதுபடக் கூப்பிடுவான்: "டேய் அரைவிரலு, கேபிள சுத்துடா!" எனக்கே பொறுக்காது. ஆனால் ஃபேனிடம் நான் சொன்னது வேறு: "பொறந்த வூட்டு ஆளே மதிக்கல, இங்க மட்டும் அதிகாரத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

கோவளம் பக்கம் ஒரு ஓட்டலில் அண்ணனுக்கு ஸ்பீக்கர் தூக்கப் போன இடத்தில் இவர் ஒரு டிஜேயைப் பார்த்தார். சுற்றுகிற இசைத்தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி, சரியான தாளத்தில் விட்டு, ஒரு பாட்டை இன்னொரு பாட்டோடு ஒட்டினானாம். வீட்டுக்கு வந்து பீரோவிடம் சொன்னார், "நானும் டிஜே ஆகப் போறேன்."

சத்தியநாதன் வாசலில் நின்று சிரித்தான். "லேத்து ஓட்டுற கை பாட்டு ஓட்டப் போவுதா? சரிடா. ஒரே ஒரு ரிசெப்ஷன் தனியா நின்னு ஓட்டு. பாட்டு ஒரு தபா நின்னாலும், சாவுற வரிக்கும் என் கேபிள்தான் உனுக்கு."

"சரி" என்றார் இவர். ஈவ்லினின் பள்ளிக்கூடத்து டீச்சர் வேதசிரோமணி, சிட்லபாக்கத்தில் தன் மகள் ரிசெப்ஷனை இவரை நம்பிக் கொடுத்தார். ஸ்பீக்கர் மட்டும் அண்ணனுடையது.

தாம்பரத்தில் அரிகிருஷ்ணன் என்பவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். மூடிப்போன டிஸ்கோ ஒன்றின் சாமான்கள் அங்கே வந்திருந்தன. நாங்கள் மூவரும் போனோம். இசைத்தட்டு சுற்றும் டர்ன்டேபிள் ஒரு ஜோடி பளபளவென்று இருந்தது. இன்னொரு ஜோடிக்கு மூடி இல்லை, பக்கமெல்லாம் அடி, தூக்கினால் அம்மிக்கல் கனம்.

"அது டைரக்ட் டிரைவ் சார், மோட்டாரு மேலயே தட்டு சுத்தும். பளபளன்னு கீதே, அது பெல்ட்டு" என்றார் அரிகிருஷ்ணன்.

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பெல்ட்டே குடுங்க. கை வச்சா வழுக்கிக் குடுக்கும், மோட்டாருக்கு அடி படாது."

பாட்டுகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சருக்கு அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான்: எத்தனை மைக் சொருகலாம் என்று பார்த்து வாங்கு. அதன்படி கட்டில் அகலத்துக்கு ஒன்றை வாங்கினார்.

வீட்டில் பூட்டினார். தட்டைக் கையால் பிடித்தார், விட்டார். லேத்தில் கையைக் காப்பாற்றிய அதே வழுக்கல் இங்கே பாட்டைக் கொன்றது. பிடித்ததும் அடித்தட்டே சோர்ந்து நின்றது. விட்டதும் பாட்டு தூக்கத்தில் உளறுகிறவன் போல இழுத்து இழுத்துக் கிளம்பியது. அந்தப் பெரிய மிக்சரிலோ, அடுத்த பாட்டைத் தன் காதுக்கு மட்டும் கேட்டுப் பார்க்க வழியே இல்லை. கூட்டத்துக்குக் கேட்டால்தான் இவருக்கும் கேட்கும்.

"எழவு வீட்டுக்கு வேணும்னா ஆவும்" என்று ஃபேனிடம் சொன்னேன். இவர் ஒயரை எல்லாம் கழற்றி, எல்லாவற்றையும் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் திரும்பக் கடைக்குப் போனோம். நான் சண்டைக்குத் தயாராகவே போனேன். "ஏமாத்திட்டியே, நீ உருப்படுவியா?" என்று ஆரம்பித்தேன். இவர் ஈவ்லின் பக்கம் திரும்பி, கடை முழுக்கக் கேட்கும்படி, "உங்கம்மாவ வாய மூடச் சொல்லு. அவர் ஏமாத்தல, என் கணக்குதான் தப்பு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"கணக்கு தப்புன்னா நான் இன்னா பண்ண? போன சாமான் போனதுதான்" என்றார் அரிகிருஷ்ணன்.

"இந்த ஜோடிய வச்சுக்கினு அந்த அடிபட்ட ஜோடிய குடுங்க. பெரிய மிக்சர வச்சுக்கினு, ரெண்டு பாட்டு மட்டும் போடுற அந்தச் சின்னதக் குடுங்க. ஹெட்போன் ஓட்டை இருக்கணும்."

"பெருச குடுத்துட்டு சின்னத தூக்கினு போற மொத ஆளு நீதான்யா. எடுத்துக்கினு கெளம்பு, அந்தம்மாவையும் கூட்டினு போ!"

ரிசெப்ஷன் அன்று சத்தியநாதன் ஸ்பீக்கர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், பாட்டு எப்போது நிற்கும் என்று. இவர் ஒரு காதில் ஹெட்போனை அழுத்தி, ஆள்காட்டி விரலை விட்டுவிட்டு நடுவிரலால் தட்டைப் பிடித்தார். கீழே மோட்டார் விடாமல் சுற்றியது. விட்டார். புதுப் பாட்டு சொன்ன இடத்தில் கிளம்பியது. ஆடிய பிள்ளைகளுக்கு ஒரு அடி கூடத் தப்பவில்லை.

சத்தியநாதன் எட்டிப் பார்த்தான். "டேய், அந்தப் பாட்டு எப்படா மாறிச்சு?"

இவர் அடுத்த இசைத்தட்டை எடுத்து வைத்தார்.

எல்லாம் முடிந்ததும் பழைய குரலிலேயே கத்தினான், "அரைவிரலு, கேபிள சுத்து!"

இவர் தலையைத் தூக்கவில்லை. "உன் கேபிள நீ சுத்துண்ணா."

எனக்கு உள்ளே குளிர்ந்தது. பிரியாணி போட்டு எடுத்துக்கொண்டு போய் அந்த மெஷின்மேல் வைத்தேன். இவர் பதறி, கல்யாணமான நாளாக என்னிடம் நேராகப் பேசாத வாயைத் திறந்தார்: "அத்த! தட்டு மேல தட்ட வைக்காதீங்க! அறிவில்ல?"

நான் மண்டபத்து ஃபேனை நிமிர்ந்து பார்த்தேன். "சோறு ஆறுது, வந்து துன்னச் சொல்லு" என்றேன்.