தோல் மண்டியில் காப்பி மூட்டை

இன்றைக்கும் காப்பி குடிக்க உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். லண்டனில் காப்பிக்கு நல்ல கிராக்கி என்று யாரோ சொல்ல, எங்கள் முதலாளி தோலோடு காப்பிக்கொட்டையும் வாங்கி மெட்ராஸுக்கு அனுப்ப ஆரம்பித்தார். கொட்டை ஏலகிரியிலிருந்து வந்தது. மலைக்காரர்கள் மூட்டையைத் தலையில் சுமந்து இறங்கி, அடிவாரத்தில் வண்டி பிடித்து வருவார்கள்.

மண்டி வழக்கப்படி சரக்கை முதலில் இறக்கிவிட வேண்டும். மெட்ராஸ் கம்பெனிக்காரன் வறுத்துக் குடித்துப் பார்த்துக் கடிதம் போட்ட பிறகுதான் விலை. அதுவரை மூட்டைகளைக் குடோனில் உப்புத் தோல் அடுக்கின் மேலேயே ஏற்றி வைத்தோம். பக்கத்தில் இருக்கும் வாடையைக் காப்பிக்கொட்டை இழுத்துக்கொள்ளும் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. தோல் நாற்றமே எங்கள் மூக்குக்கு உறைக்காது. அதில் உட்கார்ந்துதானே சோறு தின்றோம்!

கடிதம் வந்தது. 'காப்பியில் நாற்றம், பாதி விலைதான்.'

முதலாளி முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். "இன்னா கவுண்டரே, சாணித் தரையில காயவெச்சியா? உன் சரக்கால என் பேரு கெட்டுப்போச்சு!"

"பாறை மேலதான் மொதலாளி காயவெச்சோம்," என்றார் மலையிலிருந்து சரக்கு கொண்டுவந்த சின்னாண்டிக் கவுண்டர். மற்றவர்கள் தலை குனிந்து நின்றார்கள். பாதி விலையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. குடோன் மூட்டையில் ஒரு பிடி, அன்று காலை வந்திறங்கிய மூட்டையில் ஒரு பிடி எடுத்துப்போய் வீட்டில் வறுக்கச் சொன்னேன். என் மனைவி குடோன் கொட்டை வறுத்த சட்டியை முகர்ந்ததும் முகத்தைச் சுளித்தாள். "இதுல உங்க சட்டை வாடை அடிக்குது. அது நல்லா கீது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! மறுநாள் முதலாளியை உள்ளறையில் தனியாகப் பார்த்துச் சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னால் மரியாதை இல்லை என்று எனக்கு நினைப்பு. அவர் தலையை ஆட்டினார். "வெளிய சொல்லாத. பேஜாராய்டும்." அன்றே காப்பிக்குத் தனி அறை ஒழித்தார். இனி மலைக்காரர்களுக்கு நியாயமான விலை கிடைக்கும் என்று நம்பினேன். அடி முட்டாள் நான்.

அடுத்த வருஷம் மெட்ராஸ்காரன் 'சரக்கு முதல்தரம்' என்று எழுதி முழு விலை கொடுத்தான். முதலாளி சின்னாண்டியிடம் கூசாமல் சொன்னார்: "போன வருஷ விலதான். உன் கொட்டைக்கு நாத்தப் பேரு இன்னும் போவல."

எனக்கு ரத்தம் கொதித்தது. "பொய்! நாத்தம் நம்ம குடோனுது. இந்த வருஷம் முழு விலை வந்துக்குது!" என்று முற்றம் அதிரக் கத்தினேன்.

"உண்ட வூட்டுக்கே ரெண்டகமா? போய்டு வெளிய!" என்றார் முதலாளி. பதினெட்டு வருஷ வேலை அத்தோடு போனது. அதற்கு நான் வருந்தவில்லை.

சின்னாண்டி என் பின்னாலேயே தெரு வரை வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒனக்கு எப்போ தெரியும் சாமி?"

"போன வருஷமே."

"எம் மண்ணுலதான் நாத்தம்னு பாதிச் செடிய வெட்டிப்புட்டேனே!"

மண்டி வேலைக்குப் போகும் பிள்ளைகளே, முதலாளி காதில் மட்டும் சொல்லும் உண்மை அவருக்குத்தான் லாபம். முற்றத்தில் நின்று, சரக்கு கொண்டுவந்தவன் காதில் விழச் சொல்லுங்கள். அதுவும் அன்றைக்கே சொல்லுங்கள்.