எட்டு வரித் திரை

யோசப்பின் ரீச்சரால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. குருநகரில் வீட்டு முன்னறையில் பெண்பிள்ளைகளுக்கு ரைப்பிங் பழக்கிய காலத்திலும் அவள் கதிரையில் இருந்து பாடம் சொன்னதில்லை. நடந்துகொண்டே இருப்பாள். இரவெல்லாம் மீன்பிடித்துக் கடலால் வந்து படுக்கும் கணவன் அடைக்கலநாதன் அவளுடைய செருப்புச் சத்தத்தில்தான் கண் விழிப்பான்.

எண்பத்தொன்பதில் ஒரு அலுவலாகக் கொழும்புக்குப் போனவள், ஒரு கந்தோரில் காத்திருந்தபோது, அங்கே ஒரு பெண் கொம்பியூட்டரில் கடிதம் அடிப்பதைக் கண்டாள். பிழையாக அடித்த சொல்லை அந்தப் பெண் ஒரு விசையைத் தட்டியே இல்லாமல் செய்தாள். அழிறப்பரும் இல்லை, தாளில் தழும்பும் இல்லை. யோசப்பினுக்கு வந்த அலுவல் மறந்துபோயிற்று. புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லாம் எட்டாத விலை. கடைசியில் பழைய சாமான் விற்கிற ஒருவன் அலுமாரிக்கு அடியில் இருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினான். கொப்பி அளவுதான். மடியில் வைத்து அடிக்கலாம். எட்டு வரி மட்டும் தெரிகிற சாம்பல் நிறத் திரை. நாலு பென்ரோச் பற்றறி போட்டால் ஓடும். யாரும் கேட்டு வராத சாமான் என்பதால் மலிவாகவே கொடுத்தான். யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ரயிலில் அதைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வருடம் சண்டை மறுபடியும் தொடங்கியது. குருநகரில் இருக்க முடியாமல் மருதனார்மடத்தில் ஒரு வீட்டின் பின்னறைக்கு வந்தார்கள். கறண்ட் நின்றது. யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டது. வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்த பழைய பற்றறிகளும் ஒருநாள் செத்தன. அங்கேயும் ரைப்பிங் பழக வந்த பெண்கள் பலருக்கு வெளிநாட்டில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். கொம்பியூட்டர் தெரியும் என்று சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. யோசப்பின், செத்த இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள்.

அடைக்கலநாதனாலும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கடலில் இறங்கத் தடை. சுற்றிவர வெங்காயத் தோட்டம். காரணம் இல்லாமலே சைக்கிளில் சந்திக்குப் போவான், திரும்பி வருவான், மறுபடியும் போவான். ஊரில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்கிறார்கள் என்று அறிந்ததும் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, பழைய றேடியோவில் கழற்றிய சாமான்களை இடையில் பொருத்தி, மிதித்தான். திரை விழித்தது.

ஒரேயொரு கரைச்சல். மிதிப்பது நின்றால் கொம்பியூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒருத்தி மிதிக்க ஒருத்தி அடித்தாள். ஒவ்வொரு பாடமும் வெறுந்திரையில் தொடங்கியது.

"ரீச்சர், உதுக்குத் தமிழ் தெரியாதே?" என்று குணலட்சுமி என்ற மாணவி ஒருநாள் கேட்டாள்.

தெரியாதுதான். ஆனால் அந்தக் கேள்வி யோசப்பினைச் சாப்பிடவும் விடவில்லை. கட்டம் போட்ட கொப்பியில் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்தாள். எந்தெந்த இடத்தில் புள்ளி வைக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாக அடித்துக் கொடுத்தால் திரையில் உருவம் வரும். முதலில் 'ட' வந்தது. பார்க்க ஆசைப்பட்டு அடைக்கலநாதன் சைக்கிளால் இறங்க, எழுத்து மறைந்தது. அவள் அவனை ஏசவில்லை. இனி என்ன எழுதட்டும் என்று கேட்டாள்.

"கடல் எண்டு எழுது," என்றான்.

'க'வின் சுழிக்கும் 'ல'வின் வளைவுக்கும் புள்ளிகள் எக்கச்சக்கம். காலையில் தொடங்கி மத்தியானம் தாண்டியும் நிற்காமல் மிதிக்கவேண்டும். முதல் தடவை 'க' முடிந்து 'ட'வும் முடிகிற நேரம் குண்டு போடுகிற பொம்பர் வானத்தில் இரைந்தது. மிதித்துக்கொண்டிருந்த குணலட்சுமி பாய்ந்து முற்றத்துப் பங்கர் குழிக்குள் இறங்கினாள். யோசப்பினும் இறங்கினாள். மேலே வந்தபோது திரை வெறுமையாக இருந்தது. குணலட்சுமி அழுதாள். யோசப்பின் அவளுடைய முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "நீ செய்தது சரி," என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

மறுநாள் அவனே ஏறி மிதித்தான். வானம் அன்று சும்மா இருந்தது. வியர்வை வழிய வழிய மிதித்தான். கடைசிப் புள்ளியை வைத்ததும் யோசப்பின், வயர் எட்டும் அளவுக்கு இயந்திரத்தை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். எட்டு வரியையும் அடைத்துக்கொண்டு 'கடல்' நின்றது. கொஞ்சம் கோணல். 'ல்' மேல் புள்ளி பெரிதாகப் போய்விட்டது.

"காணும், இறங்குங்கோ. கால் விறைச்சுப் போகும்."

"இன்னும் கொஞ்சம்," என்றான் அவன். வேகத்தையும் கூட்டினான். கால்கள் நடுங்கத் தொடங்கி, எழுத்து மங்கி, தானாக அழியும்வரை அவன் இறங்கவில்லை. பிறகு சுவரோடு சாய்ந்து இருந்துகொண்டு, நாளைக்கும் எழுதுவமோ என்று கேட்டான்.

பலமுறை எழுதினார்கள். குணலட்சுமி கனடாவுக்குப் போகுமுன் தன் பெயரையும் எழுதிப் பார்த்தாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் எழும்பி நடந்தது. கொட்டுகிற மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நகர முடியாமல் நின்றது. சாக்கில் சுற்றிய கொம்பியூட்டரை யோசப்பின் நெஞ்சோடு அணைத்து வந்தாள். மீசாலையில் ஒரு பள்ளிக்கூட மூலையில் அவிழ்த்தபோது உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்டது. கொடிகாமத்தில் றேடியோ திருத்துகிற ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றார்.

கிளாலியில் வன்னிக்குச் சனம் ஏற்றுகிற வள்ளங்களுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அடைக்கலநாதன் போனான். களப்புத்தான், கடல் இல்லை. ஆனாலும் நனைந்த சாரத்தோடு திரும்பி வந்த அன்று அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

யோசப்பின், செத்த கொம்பியூட்டரை வகுப்பு வாங்கின் மேல் வைத்து, அதே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பெண்களைக் கூப்பிட்டாள். ஒன்றும் தெரியாத திரைக்கு முன்னால் என்ன பழகுவது என்று ஒருத்தி கேட்டாள்.

"விரல் பழகும். இரு."

அந்தப் பெண் திரைக்கு முன்னால் குந்தி இருந்தாள். யோசப்பின் அவளுடைய சின்னவிரலைப் பிடித்துச் சரியான விசையில் வைத்தாள்.