முதல் சிரட்டை

லெய்பகோவா யாருக்கும் வளைந்து கொடுக்கிறவள் இல்லை. தீவுத் துறைமுகமான லுகன்வில்லில், வேரைப் பிழிந்த காவா என்ற போதைச் சாறு விற்கும் கொட்டகை நடத்துகிறவர்களில் பாதிப்பேர் அவளைத் திட்டிவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். இரண்டு நாளைக்குத் தலையைத் தூக்கவிடாத மட்ட ரகக் காவா ஒன்று உண்டு. சீக்கிரம் விளையும், மலிவாகக் கிடைக்கும். அந்தச் சனியனை அவள் தன் கொட்டகை வாசலில்கூட இறக்கவிடமாட்டாள். நல்ல ரகம்தான் வேண்டும், அதிலும் வேர் மட்டும். தண்டுத் தோல் ஒரு துண்டு தட்டுப்பட்டாலும் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவாள். மூன்று சிரட்டைக்கு மேல் கேட்கிறவனிடம், "போய்ச் சேப்பங்கிழங்கத் தின்னுட்டுப் படு" என்பாள்.

அவள் தம்பி கல்சாவ் ஒரு கல்யாணத்தில் பீர் குடித்து, அதன்மேல் காவாவும் குடித்து, ஓடுகிற டிரக்கின் பின்னாலிருந்து விழுந்து செத்தான். பீர் வாடை தெரிந்தும் காவா ஊற்றிக் கொடுத்தவன் இன்றைக்கும் வியாபாரம் செய்கிறான்.

அந்தச் சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். கொட்டகை நிறைந்திருந்தபோது ஊர்த் தலைவர் மோலிவோனோ வந்து உட்கார்ந்தார். கொட்டகை நிற்கிற நிலம் அவருடையது. தலைவர் வந்துவிட்டால் முதல் சிரட்டை அவருக்குத்தான். அவர் குடிக்காமல் வேறெந்த ஆம்பளையும் தொடமாட்டான். லெய்பகோவா சிரட்டையோடு குனிந்தாள். பீர் வாடை குப்பென்று அடித்தது. நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டாள்.

"பீர் குடிச்சிருக்கீங்க தலைவரே. இன்னைக்கு உங்களுக்குக் கெடையாது."

"ரெண்டே பாட்டில்மா. மருமகன் ஆசையா வாங்கிக் குடுத்தான். ஊத்து."

"ரெண்டோ இருபதோ, ஊத்தமாட்டேன். நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க."

"யாரு நெலத்துல நின்னு பேசுறேன்னு ஞாபகமிருக்கா?"

"நல்லா இருக்கு. என் தம்பியப் பொதைச்சதும் உங்க நெலத்துலதான்."

காவா குடிக்கிற இடத்தில் எப்போதும் முணுமுணுப்புதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் புலே மெல்ல வாயைத் திறந்தான்.

"அக்கா, அரைச் சிரட்டை குடுத்துடேன். எங்களுக்கும் நாக்கு வறளுது."

"உன் நாக்குக்காக இவரக் கொல்லச் சொல்றியா?"

தலைவர் சிரித்தார். "நான் குடிக்காம இங்க ஒருத்தனும் குடிக்கமாட்டான். உக்காந்தே இருக்கேன். பிழிஞ்சதெல்லாம் புளிச்சுப் போகட்டும்."

வழக்கம் அவர் பக்கம் இருந்தது. அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த வழக்கம் கட்டிப்போட்டது ஆம்பளைகளைத்தான்.

பதினோரு வருஷமாக ஊற்றிக் கொடுத்தவள், ஆண்கள் முன்னால் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. பொம்பளை அப்படிக் குடித்தால் ஊரே காறித் துப்பும். துப்பட்டும் என்று நினைத்தாள். சிரட்டையை நிரப்பினாள். ஆண்கள் நின்று குடிக்கிற ஓரத்தில் போய் நின்றாள். புதர் பக்கம் திரும்பி, ஒரே மூச்சில் குடித்தாள். கசப்பைத் துப்பிவிட்டு வாயைப் புறங்கையால் துடைத்தாள்.

"முதல் சிரட்டை முடிஞ்சுது. அடுத்து யாரு?"

புலே எழுந்தான்.

"உக்காருடா!" என்றார் தலைவர்.

"நாள் பூரா மூட்டை தூக்கியிருக்கேன் தலைவரே. நீங்க உக்காருங்க."

அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். தலைவரின் முகம் கறுத்தது.

"நாளைக்குக் காலைல கொட்டகையப் பிரிச்சுடணும்!"

"பிரிக்கிறேன்" என்றாள் லெய்பகோவா, புலேயின் சிரட்டையில் ஊற்றிக்கொண்டே. "நீங்க உசிரோட வந்து நின்னு பாருங்க. எனக்கு அது போதும்."