தள்ளிவைக்கக் கூடாத மூன்று ஆட்டங்கள்

அன்புள்ள உறவினர்களே, அண்ணனோடு பழகிய நண்பர்களே,

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது, என் கோபம் ஆறட்டும், பிறகு எழுதுகிறேன் என்றேன். ஆண்டே திரும்பிவிட்டது, கோபம் ஆறவில்லை. ஆகவே அந்தக் கோபத்தோடேயே எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது மனம் புண்பட்டால், எழுதியது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்வேன்.

அண்ணன் கருக்களாச்சேரியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். அப்பா கடலுக்குப் போனார். அம்மா கூடை சுமந்து மீன் விற்றார். நான் ஒரே தங்கை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு அண்ணனும் விசைப்படகில் ஏறினார். கரைக்கு வரும் நாட்களில் காரைக்கால் நகரத்து அணி ஒன்றில் கால்பந்து ஆடினார். பின்களத்தில் அவர் நின்றால் அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசில்லை என்று அவரோடு ஆடியவர்கள் இப்போதும் சொல்கிறார்கள். ஒருநாள் வலை இழுக்கும்போது கம்பிக்கயிற்றில் கணுக்கால் சிக்கி நசுங்கியது. கடலும் ஆட்டமும் சேர்ந்தே போயின. அதன் பிறகு துறைமுகத்தின் அருகில் இருக்கும் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தார். என்னைப் போலகத்தில் கட்டிக்கொடுத்ததும், அப்பாவையும் அம்மாவையும் நல்லபடியாக வழியனுப்பியதும் அந்த வேலையில் இருந்துகொண்டுதான்.

எங்கள் ஊர் அணிக்கு அவரை யாரும் கூப்பிட்டுப் பயிற்சியாளர் ஆக்கவில்லை. அணி தோற்றுக்கொண்டே இருப்பதைப் பொறுக்க முடியாமல் அவராகப் போய் நின்றார். மாவட்ட லீக் போட்டி மே மாதம் தொடங்கி மழைக்கு முன் முடியும். நம் பிள்ளைகள் முதல் இரண்டு ஆட்டம் தோற்ற பிறகுதான் ஓடிப் பழகவே வருவார்கள். அதற்குள், ஏப்ரல் நடுவில் தொடங்கும் இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிவிடும். ஒருமுறை போனால் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் அவை. பாதி அணி கடலில் இருக்கும். மீதிப் பாதி, கிடைத்தவனைச் சேர்த்துக்கொண்டு ஆடித் தோற்கும். இதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

அண்ணன் அதை மாற்றினார். படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்தத் தடைக்காலத்தில்தான் நம் பருவமே இருக்கிறது என்றார். வீடு வீடாகப் போய், தூங்குகிறவனை எழுப்பி, கடற்கரை மணலில் ஓடவிட்டார். பிள்ளைகளின் அம்மாக்கள் திட்டினார்கள். ரெண்டு மாசம்தான் புள்ள வீட்டுல இருக்கான், அதையும் நீ பறிச்சுக்கிறியா என்று என் காதுபட ஒருத்தி கேட்டாள். அண்ணன் அவள் மகனை அழைத்துக்கொண்டு போனார்.

அந்த ஆண்டு முதல் நான்கு ஆட்டங்களையும் வென்றோம். எதிரணிகள் அப்போதுதான் வியர்க்கவே தொடங்கியிருந்தன. நம் பிள்ளைகள் மணலில் ஓடி ஓடிக் கால் இறுகிப்போய் நின்றார்கள். மாநில அணிக்கு ஆள் பார்க்கிறவர்களும் தொடக்க ஆட்டங்களுக்குத்தான் வருவார்கள். எங்கள் முன்களத்தில் ஆடிய சுதாகரன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். மாநில அணிக்கு ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஒரு வழி உண்டு. கடலைத் தவிர வேறொரு வழியை எங்கள் தெருப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்கள்.

பிறகு படகுகள் கிளம்பின. எதிர்பார்த்தபடியே தோற்றோம், சிலவற்றைச் சமன் செய்தோம். ஆனாலும் தொடக்கத்தில் சேர்த்த புள்ளிகள் தாங்கிப் பிடித்து அணியை முதல் பிரிவில் நிறுத்தின. கடைசி ஆட்டத்தில் கோல் அடித்த பையனை ஊர் தோளில் தூக்கியது. ஊர்ப் பெரியவர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். யாருக்குத் தெரியுமா? அணிக்குப் புரவலர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் பெரிய மனிதருக்கு. அந்த ஆண்டு அவர் பார்த்தது அந்த ஒரே ஆட்டம்.

அடுத்த ஆண்டுதான் என் கோபம் தொடங்குகிறது.

புரவலர் அணிக்குப் புதுச் சட்டை கொடுக்க விரும்பினார். சும்மா கொடுத்தால் யார் பார்ப்பது? மேடை போட்டு, பெரிய ஆட்களை அழைத்து, விழா எடுத்துக் கொடுக்க வேண்டும். அழைத்த ஆட்களுக்கு மே மாதத்தில் தேதி இல்லை. ஆகவே அணியின் முதல் மூன்று ஆட்டங்களைத் தள்ளிவைக்கும்படி லீக் நடத்துபவர்களிடம் கேட்பதென்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. கோயில் மண்டபத்தில் நடந்த அந்தக் கூட்டத்துக்குப் பேரன் காதுகுத்துப் பேச வந்திருந்த நானும் போயிருந்தேன்.

அண்ணன் எழுந்து நின்று வேண்டாம் என்றார். புரவலர் சிரித்தார்.

"மூணு ஆட்டம்தானே. பின்னால ஆடிக்கிட்டாப் போச்சு. எப்ப ஜெயிச்சாலும் அதே மூணு புள்ளிதான?"

"புள்ளி அதேதாங்க," என்றார் அண்ணன். "ஆளு அதே ஆளு இல்லீங்களே. மே மாசத்துல என் பதினோரு பேரும் கரையில நிப்பானுங்க. ஆகஸ்ட்ல நான் யாரை வச்சு ஆடுறது, நீங்களே சொல்லுங்க."

பொன்னாடை போர்த்திய பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஐஸ் கம்பெனிக்காரனுக்கு என்ன இவ்வளவு வாய் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். இந்த மலர் அவர் கைக்கும் வரும்.

ஆட்டங்கள் தள்ளிப்போயின. விழா நடந்தது. நெஞ்சில் புரவலர் பெயர் போட்ட சட்டையோடு, இருக்கிற ஆளை வைத்து, அந்த மூன்றையும் தோற்றோம். தொடக்கத்தில் புள்ளியே இல்லாத அணி எழுந்திருக்கவே இல்லை. இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். மே மாதத்தில் சுதாகரனைத் தேடி வந்தவர்கள், ஆட்டம் இல்லை என்று திரும்பிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். மறுபடி அவர்கள் வரவில்லை. அவன் இன்றும் படகில்தான் இருக்கிறான்.

பழியை யார் மேல் போட்டார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. பயிற்சி சரியில்லை என்றார்கள். வேறொருவரைப் போட்டுக்கொள்கிறோம் என்று அண்ணனிடம் நேரில் சொல்லக்கூடத் துணிவில்லாமல் ஆள் விட்டுச் சொன்னார்கள். அண்ணன் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என் மனது ஆறியிருக்கும். அவர் மறுநாளும் கடற்கரைக்குப் போனார். பழக்கத்தில் வந்த பிள்ளைகளை ஓடவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க, பதவி இல்லாமல், அணி பெயர் இல்லாமல் அதைச் செய்தார்.

சென்ற ஆண்டு தடைக்காலம் தொடங்கி மூன்று வாரத்தில், ஐஸ் கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. படகுகள் எல்லாம் கரையில் இருந்ததால் அவருடைய அணிப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து நின்றார்கள். தூக்கிச் சென்றவர்கள் அவர்கள்தான்.

புரவலரும் வந்தார். வீதி முழுக்க அண்ணன் படத்தோடு பேனர். அண்ணன் முகத்தைவிடப் புரவலர் முகம் பெரிதாக இருந்தது. கையில் அந்தச் சட்டை. அதை அண்ணன் மேல் போர்த்தப் போனார். அதுவரை அழுதுகொண்டிருந்த அண்ணி எழுந்து அவர் கையைத் தடுத்தார்.

"அவரு உங்ககிட்ட சட்டை கேக்கலீங்க. எடுத்துட்டுப் போங்க."

குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் அண்ணி யாரிடமும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. புரவலர் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சடங்குகள் முடிவதற்குள் லீக் தொடங்கவிருந்தது. துக்கத்தை முன்னிட்டு நம் ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நடத்துபவர்கள் தாங்களாகவே சொல்லி அனுப்பினார்கள். விழாவுக்குத் தள்ளிவைத்தது போல. சுதாகரன் வாசலில் நின்று கேட்டான்.

"என்னண்ணி செய்யறது? உங்க வார்த்தைதான்."

"தள்ளி வைக்கக் கூடாதுன்னு கூட்டத்துல எந்திரிச்சு நின்ன மனுசன் அவரு. போயி ஆடுங்க," என்றார் அண்ணி.

போனார்கள். பழைய சட்டையில் ஆடினார்கள், வென்றார்கள். அடுத்ததையும், அதற்கடுத்ததையும் வென்றார்கள். படகுகள் கிளம்பிய பிறகு வழக்கம்போலத் தடுமாறினார்கள். ஆனால் தடுமாறினாலும் தாங்குவதற்குத் தேவையான புள்ளி கையில் இருந்தது. இந்த ஆண்டு மறுபடி முதல் பிரிவில் ஆடப்போகிறார்கள். இந்த முறை பொன்னாடை எதுவும் வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். அண்ணனை வண்டியில் ஏற்றி மடியில் தலையைத் தாங்கிய ஐஸ் கம்பெனித் தோழர்களுக்கு நன்றி. எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்ற குரும்பகரத்துச் சம்பந்தி வீட்டாருக்கு நன்றி. பதினாறு நாளும் அடுப்பு பற்றவைக்கவிடாமல் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கு நன்றி. அன்று அண்ணனைத் திட்டிய அந்த அம்மாவும் அவர்களில் ஒருத்தி. அண்ணனின் அணிப் பிள்ளைகளுக்கு நான் நன்றி சொன்னால் அது அந்நியமாகிவிடும். இந்த மலருக்கான அச்சுச் செலவை ஏற்றுக்கொள்வதாகவும் பின்னட்டையில் தம் படம் வந்தால் போதும் என்றும் சொல்லி அனுப்பியவருக்கு நன்றி இல்லை.

நினைவு நாளன்று படையல் முடிந்து சாப்பிட்டவர்கள் உடனே கிளம்ப வேண்டாம். அன்று மாலை நம் அணிக்கு இந்தப் பருவத்தின் முதல் ஆட்டம். வந்து மைதானத்தின் ஓரம் நின்று பாருங்கள். கடைசி ஆட்டத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. அதற்கு மாலையோடு வருகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அவருடைய தங்கை