மூக்கையா வாய் திறந்த நாள்

புசல்லாவை – கண்டி பஸ்ஸில் மூக்கையா கண்டக்டராக இருந்த காலத்தில் அந்த பஸ்ஸுக்கு ஹோர்ன் தேவைப்பட்டதே இல்லை. ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு, "கம்பளை, கெலிஓயா, பேராதனை, கண்டி, வாங்க வாங்க, இடமிருக்கு" என்று அவன் ஒரு குரல் விட்டால் மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இடமிருக்கு என்பது மட்டும் சுத்தப் பொய். அப்படிப்பட்ட தொண்டை, வயிற்றைக் கிழித்த பிறகு ஏழு நாள் ஒரு முனகல்கூட வெளியே விடாமல் கிடந்தது என்றால் யார் நம்புவார்கள்? நடந்தது அதுதான். அந்த ஏழு நாளை நினைத்துத்தான் அவன் அடுத்த ஆபரேஷனுக்குப் பயந்து மூன்று தடவை ஆஸ்பத்திரியிலிருந்து கம்பி நீட்டினான்.

கதை, தமிழர்களைத் தேடித் தேடி அடித்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தொடங்குகிறது. தெருவெல்லாம் புகையாக இருந்த ஒரு பகலில் பஸ் கண்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் பொல்லுத்தடியும் கம்புமாக இருபது பேர் மறித்தார்கள். வண்டியை ஓட்டியவர் திங்கிரிபண்டா. பத்து வருடமாக மூக்கையாவோடு ஒரே பஸ்ஸில் வேலை செய்த சிங்களவர், தோட்டத்துத் தமிழில் அவனையே மடக்கக்கூடியவர். "இவன் யார்?" என்று மூக்கையாவைக் காட்டிக் கேட்டார்கள். திங்கிரிபண்டா கண் இமைக்காமல், "என் மனைவியின் தம்பி, பிறவி ஊமை" என்றார். ஒருவன் பொல்லால் மூக்கையாவின் விலாவில் இரண்டு குத்துக் குத்திப் பார்த்தான். எலும்பு நொறுங்கியது போல வலித்தது. மூக்கையா வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸுக்குள் அவனைத் தெரிந்த ஏழெட்டுச் சிங்களப் பயணிகள் இருந்தார்கள். அவர்களும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடம் அவனுக்குக் குடலில் கேன்சர் கட்டி இருப்பது தெரிய வந்தது. கண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டியை வெட்டி எடுத்து, குடலின் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, கழிவு இறங்க அதில் ஒரு பையைப் பொருத்தினார்கள். மயக்கம் தெளிந்து மூக்கையா கண்ணைத் திறந்தபோது வார்டு முழுக்கச் சிங்களப் பேச்சு. எதிர்க் கட்டிலில் வடக்கில் காயம்பட்டு வந்த ஒரு சிப்பாய். மூக்கையாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பேசுவதற்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் வலி பாஷை பார்த்து வராதே. வாயைத் திறந்தால் "ஐயோ ஆத்தா" என்றுதான் வரும், விலாவில் விழுந்த குத்து இன்னொரு தடவை விழும் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். துவாயைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான். "ரிதெனவாத?" என்று, அதாவது வலிக்கிறதா என்று, நர்ஸ் மிஸ் வந்து கேட்டபோதெல்லாம் இல்லை என்று தலையை ஆட்டினான். ஏழு நாள். துவாயில் மூன்று இடத்தில் ஓட்டை.

இது யாருக்கும் தெரியாது, மனைவி இராஜகுமாரிக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து டொக்டர் பரிசோதித்துவிட்டு, "நோய் இல்லை. குடலைத் திரும்ப உள்ளே இணைத்துவிடலாம். பை வேண்டாம், பஸ்ஸுக்கும் போகலாம்" என்று சொன்னபோது அவளுக்குக் கால் தரையில் படவில்லை. பையோடு நெரிசலில் தொங்க முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்த மூக்கையாவும் சந்தோஷத்தில் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி ஒரு கூக்குரல் விட்டான். அப்புறம்தான் அந்த ஏழு நாள் நினைவுக்கு வந்தது. ஜனவரியில் சேர்த்தார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் தேத்தண்ணியை புசல்லாவையில் வந்து குடித்தான். ஏப்ரலில் வயிற்று ரோமத்தைச் சிரைத்து முடித்த பிறகு ஓடினான்.

"ஊரே சிரிக்குது. வெட்டுறப்ப மயக்கம் குடுத்துருவாங்க, ஒனக்கென்ன தெரியப் போவுது?" என்றாள் இராஜகுமாரி.

"வெட்டுறது இல்ல புள்ள. அதுக்குப் பொறகு" என்றதோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

டொக்டர் கண்டிப்பான மனிதர். ஜூலையில் மூன்றாவது நாள் குறித்துக் கொடுத்து, இந்தத் தடவையும் ஓடினால் இனி உன் பெயரை எழுத மாட்டேன், காலம் முழுக்கப் பையோடு இரு என்று சொல்லிவிட்டார். மூக்கையா போனான். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பின்னேரம் மூன்றரை மணிவரை. அப்போது பக்கத்துக் கட்டிலுக்கு வயிற்றில் கட்டோடு ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் விட்ட முதல் முனகலிலேயே நம் ஆள் கட்டிலை விட்டு இறங்கிவிட்டான். ஆஸ்பத்திரிச் சாரத்தோடு, வெறுங்காலோடு, கண்டித் தெருவில் தலைதெறிக்க ஓடி, நாலு மணிக்குப் புறப்படுகிற, தான் வேலை செய்த பஸ்ஸில் பாய்ந்து ஏறி, பின் சீட்டில் குனிந்து உட்கார்ந்துகொண்டான்.

டிரைவருக்கு முன்னால் கண்ணாடி எதற்கு இருக்கிறது? பேராதனை தாண்டியதும் திங்கிரிபண்டா பஸ்ஸை ஓரம் கட்டினார்.

"மூக்கையா, முன்னுக்கு வா."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். பஸ் நிறைய ஆட்கள்.

"மத்தவனெல்லாம் ஆபரேஷன் செய்ய இடம் கெடைக்காம அலையிறான். நீ மூணு தரம் ஓடுற. என்னடா பயம் ஒனக்கு?"

"வலி அண்ணே. தாங்க ஏலாது. போன தடவ ஏழு நாளு துவாயக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். இன்னொருக்கா அப்புடிக் கெடக்க என்னால முடியாது."

"துவாயக் கடிச்சியா? ஏன், மிஸ்ஸைக் கூப்பிட்டு வலிக்குதுன்னு சொல்றதுக்கென்ன?"

"தமிழ்ல கத்திட்டா என்னா பண்றது? அன்னைக்கு நீங்கதானே ஊமைன்னு சொன்னீங்க. வாயத் தொறக்காததுனாலதானே பொழச்சேன்."

திங்கிரிபண்டா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "அட பாவி, அது அந்த வளைவுக்கு மட்டும் சொன்ன பொய்டா" என்றார். சீட்டில் இருந்த ஒரு அம்மா கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "பஸ்ஸைத் திருப்புங்க" என்றாள். திருப்புங்க, திருப்புங்க என்று தமிழிலும் சிங்களத்திலும் பத்துக் குரல் எழும்பியது. ஒரு வாத்தியார் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா பார்த்த பார்வையில் அவரும் கையை இறக்கிவிட்டார்.

அம்பது பேரோடு ஒரு பஸ், போன வழியே திரும்பி, ஹோர்ன் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைவதைக் கண்டி அதற்கு முன் பார்த்திருக்காது. காவலாளி விசில் ஊதி ஊதிக் களைத்துப் போனான். திங்கிரிபண்டா மூக்கையாவின் கையைப் பிடித்து நேரே வார்டுக்குக் கொண்டுபோய், போன தடவையும் அதே வார்டில் இருந்த பெரிய மிஸ்ஸிடம் நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சிங்களத்தில் கொட்டினார்.

மிஸ் போய்ப் பழைய ஃபைலைத் தேடி எடுத்து வந்தார். ஒரு தாளை விரித்து விரலை வைத்தார். வலி இருந்தால் ஊசி போடவும் என்று டொக்டர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஏழு நாளும் வரிசையாக மிஸ்மாரின் கையெழுத்தில், வலி இல்லை என்றார், வலி இல்லை என்றார்.

"உன்னைக் காட்டித்தான் மற்ற நோயாளிகளுக்கு, பாருங்கள் எவ்வளவு தைரியம் என்று சொன்னேன். ஊசி அந்த அலுமாரியில்தான் இருந்தது" என்றார் மிஸ்.

மூக்கையா அலுமாரியைப் பார்த்தான். அவனுடைய பழைய கட்டிலிலிருந்து பத்தடி இருக்கும். வந்த கோபத்தில் அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தான். யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அந்த வளைவில் நின்றவர்கள் பொல்லை எப்போதோ வீசிவிட்டுப் போயிருப்பார்கள். அதை இரண்டு வருடம் சுமந்தவன் அவன்.

"நாளைக்கு வலித்தால் கத்து. எந்தப் பாஷையில் வருகிறதோ அதில் கத்து. கத்தாமல் கிடந்தால்தான் எனக்குக் கோபம் வரும்" என்று சொல்லி, கட்டிலில் கிடந்த துவாயை மடித்து எடுத்துக்கொண்டு போனார் மிஸ்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது அவன் பஸ்ஸில் சொல்கிற "இடமிருக்கு" மாதிரி ஆகிவிடும். காலையில் தள்ளுவண்டியில் ஏறும்போது அதன் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆனால் ஓடவில்லை. தியேட்டர் கதவுவரை அவன் பார்த்தது கதவைத்தான், வெளியே போகிற வழியை அல்ல.

கண் விழித்தபோது பகல் இரண்டு மணி. வயிற்றில் பை இல்லை. இருந்த இடத்தில் கட்டு. அந்த மகிழ்ச்சியை முழுசாகப் பட்டு முடிக்குமுன் வலி வந்துவிட்டது, அதே பழைய வலி. பல் தானாகத் துவாயைத் தேடியது. உதடு தானாக ஒட்டிக்கொண்டது. வார்டில் முப்பது பேர் இருந்தார்கள். மூக்கையா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

"மிஸ், வலிக்குது. ஐயோ ஆத்தா, தாங்க முடியல, வலிக்குது மிஸ்."

பேச்செல்லாம் நின்று போனது. மூக்கையா விலாவைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் விழவில்லை. செருப்புச் சத்தம்தான் வேகமாகக் கிட்ட வந்தது. "கேட்கிறது, கேட்கிறது. பேராதனைக்கே கேட்கும்" என்று திட்டிக்கொண்டே மிஸ் ஊசியை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் வலி ஒரு படி இறங்கியது. பிறகு இன்னொரு படி. இவ்வளவுதானா என்று அவனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அப்போது வார்டின் கோடிக் கட்டிலில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. வயிற்று ஆபரேஷன் முடிந்து மூன்று நாளாக, யார் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்த ஒரு பெரியவர். கட்டில் தலைமாட்டில் தொங்கிய சீட்டில் அவர் கொடுத்திருந்தது ஒரு சிங்களப் பெயர்.

"மிஸ், எனக்கும் வலிக்குதுங்க" என்றார் அவர், தமிழில்.